வாட்ச் நைட்ல எடுத்த வாக்குத்தத்த கார்டு, இப்ப அதைப் பார்த்தாலே எரிச்சலா வருது. எனக்கு விசுவாசம் போயிருச்சா?

பொருநைக்காரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிருவேன், இன்னைக்குதான் எழுதுறேன். நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), ஊரு திருநெல்வேலி பக்கம், இப்ப தாம்பரத்துல வாடகை வீடு. போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில நற்கருணை எடுத்துட்டு வரும்போது தட்டுல வாக்குத்தத்த கார்டு வச்சிருந்தாங்க, புது வருஷத்துக்கு கர்த்தர் தர்ற வாக்குன்னு ஆளுக்கு ஒரு பைபிள் வசனம், நான் எடுத்தது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". எனக்கு அங்கயே அழுகை வந்துட்டு, ஏன்னா அந்த மாசம்தான் வீட்டுக்காரர் கம்பெனியில ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு ஓடிட்டிருந்துச்சு. கர்த்தர் எனக்கே நேரா சொல்லிட்டார்னு ஃப்ரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டினேன்.

பிப்ரவரியில வேலை போயிருச்சு. இப்ப ஆறாவது மாசம். என் வளையல் ரெண்டும் அடகுல இருக்கு, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் ரெண்டாவது டெர்ம் இன்னும் கட்டல. அத்தை கூடத்தான் இருக்காங்க, நல்லவங்கதான், ஆனா தினமும் "உனக்கு விசுவாசம் பத்தல, வாயைத் திறந்து அறிக்கை பண்ணு, வேலை கிடைச்சிட்டதுன்னு சொல்லு" அப்படின்னு. கிடைக்காததை கிடைச்சதுன்னு சொல்ல எனக்கு வாய் வர மாட்டேங்குது. காலைல பால் எடுக்க ஃப்ரிட்ஜ் கிட்ட போனா கார்டு கண்ணு முன்னாடி நிக்குது. ஒரு நாள் எரிச்சல்ல திருப்பி ஒட்டிட்டேன், சாயங்காலம் பார்த்தா அத்தை நேரா ஒட்டி வச்சிருக்காங்க. மறுநாள் நான் திருப்பினேன். இப்படியே ஒரு வாரமா ஓடுது, ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல.

நான் கேக்குறது இதுதான். தேவன் சொன்னது உண்மைன்னு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல சொல்றது ஈஸி, செவ்வாய்க்கிழமை காலையில அடுப்படியில நின்னுக்கிட்டு எப்படி நம்புறது? நீங்கல்லாம் எப்படி நம்புறீங்க?

கிருபை_மட்டும்:
சிஸ்டர் கண்ணீரோட வாசிச்சேன். ஜெபத்துல தாங்குறேன். நீங்க வசனத்தை விட்டுறாதீங்க, அது உங்களை விடாது. ஆமென்.

உபதேசியார்_பேரன்:
தங்கச்சி, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. கார்டுல ஒரு வசனம்தான் அச்சடிப்பாங்க, அதுக்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிக்க மாட்டாங்க. 10-ம் வசனத்தை எடுத்துப் பாருங்க, பாபிலோன்ல 70 வருஷம் நிறைவேறின பிறகுதான்னு இருக்கும். இது எருசலேம்ல இருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பின லெட்டர். கி.மு. 597-ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறையா பிடிச்சிட்டுப் போன ஜனங்களுக்கு எழுதினது. எழுபது வருஷம்னா அந்த லெட்டரை கையில வாங்கின பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேரு திரும்பி வரவே மாட்டாங்கன்னு அர்த்தம். அவங்களுக்குத்தான் கர்த்தர் "தீமைக்கல்ல"ன்னு சொல்றாரு.

28-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிங்க. அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வந்து ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பிரும்னு சொல்லி, பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்னு காட்ட எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சுப் போடுவான். அன்னைக்கு கைதட்டு வாங்கினது கண்டிப்பா அவன்தான், கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா அவன் சொன்னது பொய், அந்த வருஷமே ஏழாம் மாசத்துல செத்தும் போயிட்டான். உங்க அத்தையைச் சொல்லல, ஐயோ தப்பா எடுத்துக்காதீங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்னு சொல்றதே விசுவாசம்னு நம்ம சபைகள்ல ஆயிப்போச்சு, அதைத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு. நம்ம பழைய மொழிபெயர்ப்புல "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை"ன்னு இருக்குல்ல, அதை வாசிச்சா நான் என்ன எதிர்பார்க்கிறேனோ அதைத் தருவார்ங்கிற மாதிரி கேக்கும். பழைய இங்கிலீஷ் பைபிள் கிங் ஜேம்ஸ்லயும் அப்படித்தான். மூல மொழி எபிரேயத்துல நேரா எடுத்தா எதிர்காலமும் நம்பிக்கையும்னுதான் வரும். அப்புறம் என்ஐவி-ங்கிற இப்பத்திய இங்கிலீஷ் பைபிள்ல "ப்ராஸ்பர்"னு போட்டதை வச்சு செழிப்புன்னு பிரசங்கம் பண்றாங்க, அந்த எபிரேய வார்த்தை ஷாலோம், தமிழ்ல "சமாதானம்"னு போட்டது எவ்வளவோ மேல். அதே வார்த்தை 7-ம் வசனத்துலயும் வருது, நீங்க சிறையா போன பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்கன்னு. 5-ல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட பழத்தைச் சாப்பிடுங்கன்னு. செவ்வாய்க்கிழமை காலையில என்ன செய்யறதுன்னு கேட்டீங்கல்ல, அந்த லெட்டர்லயே இருக்கு, வாடகை ஊர்ல இருந்துக்கிட்டே செடி வைக்கச் சொல்றாரு.

நைட்_டூட்டி:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் நர்ஸ். 2020-ல கொரோனா வார்டுல இருந்தப்ப சங்கீதம் 91 எத்தனை தடவை ஃபார்வர்டா வந்துச்சுன்னு கணக்கே இல்ல, ஆயிரம் பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாதுன்னு. பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து ஊத்த நின்னுக்கிட்டு நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். என்கூட அதே சங்கீதத்தைச் சொன்ன ஒரு அக்கா பிழைக்கல. ரொம்ப நாள் பைபிள்ல அந்தப் பக்கத்தையே நான் திறக்கல. அப்புறம் ஒரு நாள் மத்தேயு 4 வாசிக்கும்போது சட்டுனு பட்டுச்சு, தேவாலய உப்பரிகையில இயேசுகிட்ட பிசாசு எடுத்து விடுறது இதே 91-ம் சங்கீதம்தான். வசனம் பொய் இல்ல, அதை வச்சு குதிச்சுப் பாருன்னு சொன்னதுதான் பொய். அந்த சங்கீதமே உண்மையான்னு கேட்டா இப்பவும் உண்மைன்னுதான் சொல்லுவேன், ஆனா அந்த அக்கா விஷயத்துல எப்படி உண்மைன்னு எனக்கு சொல்லத் தெரியாது. தெரியாமலேதான் டூட்டிக்குப் போறேன். தானியேல் 3-ல ராஜாவோட சிலையை வணங்காததுக்கு அக்கினிச் சூளையில போடப் போன அந்த மூணு பேரும், தேவன் "விடுவிக்காமற்போனாலும்" வணங்க மாட்டோம்னு சொல்றாங்கல்ல, எனக்கு இப்போதைக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

கிடைக்காததை கிடைச்சதுன்னு சொல்லாதீங்க அக்கா. அது அறிக்கை இல்ல.

நாசரேத்_மளிகை:
நான் அவ்வளவு படிச்சவன் இல்ல, பலசரக்குக் கடை வச்சிருக்கேன். எங்க அப்பா தராசுக்கு மேல சுவத்துல பெயிண்டால எழுதி வச்சாரு "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது"ன்னு, நீதிமொழி 11:1. இப்ப எலக்ட்ரானிக் தராசு வந்தாச்சு, சுவரு ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு, அந்த எழுத்தை மட்டும் விட்டு சுத்தி அடிக்கச் சொல்லுவேன். வருஷா வருஷம் தராசுக்கு முத்திரை போட்டு வாங்குறோம், அது கவர்மென்டுக்கு. ஆனா பருப்பு விலை ஏறுற நேரத்துல கிலோவுக்கு அம்பது கிராம் குறைச்சா யாருக்கும் தெரியாது, பையோட எடையைக் கழிக்காம விட்டாலே போதும். பக்கத்துல அப்படி நடக்குது, நமக்கும் கை போகும். அந்த நேரம் நிமிர்ந்து சுவத்தைப் பார்ப்பேன். வசனத்தை நம்புறதுன்னா எனக்குத் தெரிஞ்சது அந்த அம்பது கிராம்தான். கர்த்தர் அதுக்குப் பதிலா ரெண்டு மடங்கா தந்தாருன்னு சாட்சி சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல, போன வருஷம் நஷ்டம்தான். ராத்திரி ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போனா தூக்கம் வருது.

வாக்குத்தத்தத்தைப் பிடிக்கத் தெம்பு இல்லன்னா கொஞ்ச நாளைக்கு ஒரு கட்டளையைப் பிடிச்சுக்கோங்கம்மா. அதுவும் அவரு சொன்ன வார்த்தைதானே.

நேரா_பேசுறவன்:
இந்த கார்டு பழக்கத்தையே நிறுத்தணும்ங்க. கிளி ஜோசியத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், அங்க கிளி எடுக்குது இங்க நாம எடுக்கிறோம்.

உபதேசியார்_பேரன்:
தம்பி, கோபம் புரியுது, ஆனா அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்க பாட்டிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும், வருஷத்துக்கு ஒரு கார்டு, அதை மனப்பாடம் பண்ணி நாப்பது அம்பது வசனம் கையில வச்சிருந்தாங்க. கண்ணு தெரியாம போன பிறகு அதைத்தான் சொல்லிட்டுக் கிடந்தாங்க. கார்டு மேல தப்பில்ல. அதை லாட்டரி ரிசல்ட் மாதிரி பார்க்கிறதுதான் தப்பு.

பொருநைக்காரி:
எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு மூணு தடவை வாசிச்சேன். நைட் டூட்டி தங்கச்சி எழுதினதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பாத்ரூம்ல போய் அழுதேன், அது நல்லதுக்குத்தான். நேத்து ராத்திரி வீட்டு ஜெபத்துல நானே எரேமியா 29-ஐ முதல் வசனத்துல இருந்து வாசிச்சேன். எழுபது வருஷம்னு வந்த இடத்துல அத்தை தலையைத் தூக்கி, "ஏட்டி, அப்ப இன்னும் அறுபத்தொன்பதரை வருஷமா கிடக்கு?"ன்னு கேட்டாங்க பாருங்க, வீட்டுக்காரர் ஆறு மாசத்துக்கு அப்புறம் சத்தம் போட்டு சிரிச்சாரு, ஜெபம் அங்கயே நின்னுருச்சு. அறிக்கை பண்ணுன்னு இன்னைக்கு ஒரு தடவைதான் சொன்னாங்க.

வியாழக்கிழமை அவருக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு, சம்பளம் முன்னைவிட குறைச்சல், பார்க்கலாம். கார்டு நேராத்தான் இருக்கு. பக்கத்துல 5-ம் வசனத்தையும் 10-ம் வசனத்தையும் பையனோட நோட்டுல கிழிச்ச தாள்ல எழுதி ஒட்டியிருக்கேன், காந்தம் ஒண்ணுதான் இருக்கு, அதனால ஃப்ரிட்ஜைத் திறந்து மூடும்போதெல்லாம் ஏதாவது ஒண்ணு விழுந்திட்டே இருக்கு.