‘ஒரே சொல், வேறு பொருள்’ பட்டியலால் யாருக்கு என்ன பயன்?

பொன்வண்டு:
கொஞ்ச நாளாக எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரு பட்டியல் சுற்றுகிறது. ‘கிஃப்ட்’ ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் விஷம். ‘புர்ரோ’ இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானிஷில் கழுதை. சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் மொழி வகுப்பு எடுக்கிறவர்களும் இதைப் பாடமாக வைக்கிறார்கள். வெட்டிவேலை என்பது என் கட்சி. ரோமில் ரொட்டிக்குப் புர்ரோ கேட்டால் யாரும் கழுதையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள். பேசுகிற இடமே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏட்டுச்சுரை:
பொன்வண்டு சார், இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியதுதான் கோளாறு. புர்ரோ தற்செயல். வெண்ணெய்க்கான லத்தீன் சொல் ‘பூட்டிரும்’ தேய்ந்து இத்தாலியனில் அப்படி ஆனது. ஸ்பானிஷ் கழுதை, குட்டைக் குதிரையைக் குறித்த வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கிஃப்ட் அப்படியில்லை. எல்லாம் ‘கொடு’ என்ற ஒரே வேர். ஜெர்மனிலும் முன்பு கொடுப்பதைத்தான் குறித்தது. வரதட்சணைக்கு இன்றும் ‘மிட்கிஃப்ட்’ என்றுதான் பெயர். கிரேக்கத்தில் மருந்தளவை ‘டோசிஸ்’, அதாவது கொடுப்பது, என்பார்கள். அதைப் பின்பற்றி ஜெர்மனிலும் மருந்தாகக் கொடுப்பது கிஃப்ட் ஆகி, கடைசியில் விஷத்தில் போய் நின்றது. ஸ்வீடிஷில் அதே சொல் விஷத்தையும் குறிக்கும், கல்யாணம் ஆனவரையும் குறிக்கும். (பெண் ‘கொடுக்கிற’ வழக்கம் அங்கேயும்தான்!)

இன்னொன்று. செக் நாட்டு ரொட்டிக் கடையில் ‘செர்ஸ்த்வீ’ என்று எழுதியிருந்தால் புதிய ரொட்டி. அதைப் படிக்கிற ரஷ்யருக்கு அது காய்ந்துபோன ரொட்டி. பழைய ஸ்லாவிக் மொழியில் அந்தச் சொல்லுக்குத் திடமானது என்று பொருள். ஒரு பக்கம் திடம், தெம்பு, புதுசு என்று போனது. மறுபக்கம் திடம், விறைப்பு, பழசு என்று போனது. போலிஷில் இரண்டும் இருக்கிறது: ரொட்டியைச் சொன்னால் காய்ந்தது, தாத்தாவைச் சொன்னால் திடகாத்திரமானவர்.

பொன்வண்டு:
கதை நன்றாக இருக்கிறது. நான் கேட்டது பயன்.

ஏட்டுச்சுரை:
பயனுக்கே வருகிறேன். அந்நியச் சொல் ஏமாற்றாது, உறவுக்காரச் சொல்தான் கழுத்தறுக்கும். பொருள் பக்கத்திலேயே இருப்பதால் வாக்கியம் தப்பாகவே தெரியாது. ஜெர்மன் ‘எவென்டுவெல்’ என்றால் ‘ஒருவேளை’. ஆங்கிலத்தில் அதே உருவம் ‘கடைசியில் எப்படியும் நடக்கும்’ என்று ஆகிவிடுகிறது. ஒரு ஜெர்மன்காரர் இந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, ஆர்டர் ‘எவென்ச்சுவலி’ வரும் என்றால், நம்மவர் நிச்சயம் வரும் என்று காத்திருப்பார். எந்த இடம் வந்து காப்பாற்றும்?

‘பில்லியன்’ இன்னும் மோசம். ஆங்கிலத்தில் நூறு கோடி. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் லட்சம் கோடி. அவர்களுக்கு நூறு கோடி என்றால் மில்லியார்ட். செய்தியை மொழிபெயர்க்கிறவர் அசந்தால் ஆயிரம் மடங்கு போச்சு.

தேன்சிட்டு:
நடுவில் நுழைகிறேன். ஏட்டுச்சுரை அண்ணன் சொல்கிற ‘அந்நியச் சொல் ஏமாற்றாது’ என்பதும் சரியில்லை. இத்தாலியில் குளியலறைக் குழாயில் ‘சி’ போட்டிருந்தால் ‘கால்டோ’, அதாவது சுடுநீர். ஆங்கில ‘கோல்ட்’ நினைப்பில் திருகினால் கை வெந்துவிடும். ஜெர்மன்காரருக்கும் இதே கதிதான், அவர்கள் ஊரில் ‘கால்ட்’ என்றால் குளிர். இந்தச் சுடுநீருக்கும் குளிருக்கும் வேர் வேறு வேறு.

போர்ச்சுகலில் கடைக் கதவில் ‘புஷ்’ என்று உச்சரிக்கிற சொல்லை எழுதியிருப்பார்கள். இழுக்க வேண்டும்! இது மட்டும் ஆங்கில ‘புஷ்’ஷுக்கு உறவுதான், இரண்டும் லத்தீன் ‘புல்சாரே’யிலிருந்து வந்தவை. ஆகவே உறவு முக்கியமில்லை. இரண்டு பொருளும் ஒரே குழாயில், ஒரே கதவில் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. கழுதை வெண்ணெய்த் தட்டில் பொருந்தாது, அதனால்தான் அங்கே குழப்பமில்லை.

பொன்வண்டு:
தேன்சிட்டு என் வாதத்தையே வேறு வார்த்தையில் சொல்கிறார், நன்றி. குழாயும் கதவும் ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும். இதற்குப் பட்டியல் எதற்கு?

ஏட்டுச்சுரை:
கை சுட்டால் உடனே தெரியும், சரி. பில்லியன் தப்பானால் அச்சாகி ஊரெல்லாம் போன பிறகும் தெரியாது. எவென்டுவெல்லில் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் அந்த வகையை வைக்கட்டும் என்கிறேன். புர்ரோ உங்கள் வாட்ஸப்பிலேயே கிடக்கட்டும்.

பொன்வண்டு:
அப்படிப் பத்துச் சொல் தேறுமா? தேறினால் பார்க்கலாம்.

பழையபேப்பர்:
ஒரு சந்தேகம். என்னிடம் 1950களில் லண்டனில் அச்சான ஒரு பொருளாதாரப் புத்தகம் இருக்கிறது. அதில் பில்லியன் என்றால் எதை எடுப்பது?

ஏட்டுச்சுரை:
பெரும்பாலும் லட்சம் கோடி. பிரிட்டிஷ் அரசு 1974-ல்தான் தன் கணக்குகளில் நூறு கோடிக்கு மாறியது. ஆனால் எழுதியவர் அமெரிக்கரா என்று பாருங்கள், அவர்களுக்கு அப்போதே நூறு கோடிதான்.