வீட்டுக் குழுவில் ஒரு கடல் படம்

நிலா: (படம்) மெக்சிகோவில் கான்கூன் பக்கம், முஹேரஸ் தீவுக்கு அருகில் நேற்று முக்குளித்து எடுத்தது.

கலா அத்தை: என்னம்மா இது, காரைக் கடலில் தள்ளிவிட்டிருக்கிறார்களா? கடலில் குப்பை போதாதா?

நிலா: நிஜக் கார் இல்லை அத்தை. சிமெண்டில் வார்த்தது, 8 டன். ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சிற்பி 2011இல் செய்தார். முன்கண்ணாடி மேல் ஒரு பையன் சுருண்டு படுத்திருக்கிறான், பாருங்கள்.

செல்வம் சித்தப்பா: வோக்ஸ்வாகன் பீட்டில் கார் மாதிரி இருக்கிறதே!

நிலா: அதேதான் சித்தப்பா. மெக்சிகோவில் அதற்குச் செல்லப்பெயர் ‘வோச்சோ’. பழைய மாடலின் கடைசி வண்டி 2003இல் அங்கே புவேப்லாவில்தான் தயாரானது.

மணி மாமா: உள்ளே வெற்றிடமா?

நிலா: சிங்கி இறால் ஒண்டிக்கொள்ள அறைகள் வைத்திருக்கிறார் மாமா.

மணி மாமா: அப்படியானால் மீனும் வரும். நம் பக்கம் தென்னை ஓலையைக் கல்லில் கட்டி இறக்குவோமே, அதே கணக்கு. ஆனால் சிமெண்டு, சுண்ணாம்பு மாதிரிக் காரமாச்சே?

நிலா: சரியான கேள்வி மாமா. இதன்மேல் பவளம் வளர வேண்டும் என்பதுதான் நோக்கம். சாதா சிமெண்டில் காரம் அதிகம், அதில் பவளம் லேசில் ஒட்டாது. இவர் காரம் தணிந்த சிமெண்டு பயன்படுத்துகிறார். மேல்பக்கத்தையும் சொரசொரப்பாக விடுகிறார், பவளக் குஞ்சுகள் பிடித்துக்கொள்ள.

அருண்: பழைய டயரைப் போட்டால் செலவே இல்லையே அக்கா?

நிலா: போட்டுப் பார்த்துக் கெட்டார்கள் தம்பி. 1970களில் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் கடலில் சுமார் 20 லட்சம் டயர் இறக்கினார்கள். கட்டுகள் அறுந்து, புயலில் உருண்டு, பக்கத்தில் இருந்த நிஜப் பவளப்பாறையில் மோதின. பல வருடமாக அள்ளுகிறார்கள். எதை இறக்குகிறோம், எப்படி அசையாமல் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கலா அத்தை: சரி, அங்கே கார் மட்டும்தானா?

நிலா: கிட்டத்தட்ட 500 சிலைகள் அத்தை. கடலுக்கடியில் பார்க்க வருகிறவர்கள் இந்தச் சிலைகளுக்கு வந்தால், இயற்கைப் பாறைகளில் கூட்டம் குறையும் என்பதுதான் திட்டம். ஓரிடத்தில் மட்டும் 450 பேர் நிற்கிறார்கள், குழந்தை முதல் கிழவி வரை. அந்தப் பக்கத்து ஜனங்களை உட்கார வைத்து அச்செடுத்த முகங்கள்.

கலா அத்தை: நிஜ மனிதர்கள் முகமா! அப்போதே சொல்லக் கூடாதா. குப்பை என்று சொல்லிவிட்டேனே.

நிலா: (படம்) (படம்) ஒரே முகம்தான் அத்தை. முதலாவது லைட் இல்லாமல் எடுத்தது. தண்ணீருக்குள் சிவப்பு முதலில் மறைந்துவிடும், அதனால் எல்லாம் நீலமும் சாம்பலுமாக இருக்கும். இரண்டாவது லைட் அடித்து எடுத்தது.

மணி மாமா: கன்னத்தில் செக்கச்செவேலென்று இருப்பது கடற்பஞ்சுதானே?

நிலா: ஆமாம் மாமா. காது முழுவதும் மூடிவிட்டது. கண் மட்டும் இன்னும் தெரிகிறது.

கலா அத்தை: அந்தக் கிழவி முகம் இருந்தால் கிட்டத்தில் எடுத்து அனுப்பு.

நிலா: நாளைக் காலையில் மறுபடி இறங்குகிறேன் அத்தை. முதலில் அவரிடம்தான் போவேன்.