பீப்: ‘தாங்கழுத்தம்’ என்று சொல்லலாமா?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

வென்டிலேட்டர் என்கிற செயற்கை மூச்சுக் கருவியில் வைக்கிற பீப்புக்கு (PEEP, மூச்சை விட்டு முடிக்கும்போதும் நுரையீரலுக்குள் நிற்கிற அழுத்தம்) ‘நேர்மறை வெளிமூச்சு இறுதிநிலை அழுத்தம்’ என்று ஐயா தமிழில் எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் நான் புதுச்சேரியில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி, ஒரு தாயிடமோ பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமோ இதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, சொல்லி முடிப்பதற்குள் குழந்தை மூன்று மூச்சு விட்டுவிடும். நீளம்கூடப் பரவாயில்லை. அந்த அழுத்தம் மூச்சின் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் இந்தப் பெயர் சொல்கிறது, என்ன வேலை செய்கிறது என்று சொல்லவில்லை.

பால் கவரைக் கழுவி வைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க நகம் வேண்டும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் இருக்கிற காற்று நுண்ணறைகளும் அப்படித்தான். உள்ளே இருக்கிற ஈரத்தின் பரப்பு இழுவிசை அறையைச் சுருக்கப் பார்க்கும். அதைத் தணிக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற நுரையீரல் சுரப்பு கர்ப்பத்தின் 34, 35 வாரத்துக்கு முன்னால் போதுமான அளவு ஊறியிருக்காது. அதனால் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அறைகள் ஒட்டிக்கொள்ள, அடுத்த மூச்சில் முதலிலிருந்து பிரிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குழந்தைகள் மூச்சு விடும்போது ‘ம்ம்... ம்ம்’ என்று முனகும். வலியில் அழுகிறது என்று தாய்மார் துடித்துப்போவார்கள். உண்மையில் குழந்தை குரல்வளையைப் பாதி மூடி, காற்று முழுக்கப் போய்விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. தனக்கு வேண்டிய பீப்பைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது! 1971-இல் மருத்துவர் கிரிகரி குழுவினர் சான் பிரான்சிஸ்கோவில் செய்து காட்டியது இதைத்தான், குழந்தை தொண்டையால் செய்வதைக் கருவியால் செய்தார்கள். இன்று எங்கள் பிரிவில் குழந்தை விடும் காற்று வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீரில் 5 செ.மீ. ஆழத்தில் வைத்தால் போதும், குமிழி வந்துகொண்டிருக்கும் வரை 5 செ.மீ. நீரழுத்தம் நிற்கும்.

இதை ஒருமுறை கடலூர் ராமாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பேத்தி 900 கிராம். கேட்டுவிட்டு, “வாழ சாயாம இருக்க முட்டுக் குடுக்குற மாதிரியாம்மா?” என்றார். அதேதான். நான் இத்தனை வருடம் தேடிய விளக்கம் அது.

முட்டு என்றதும் ‘முட்டழுத்தம்’ என்று வைக்கத் தோன்றியது. ஆனால் ‘மூச்சு முட்டுது’ என்று நாம் சொல்வது நேர் எதிரான பொருள், மூச்சுக் கருவியின் பக்கத்தில் அந்தச் சொல் வரவே கூடாது. ‘எஞ்சழுத்தம்’ என்று இன்னொரு நண்பர் சொன்னதும் எனக்கு ஒட்டவில்லை, ஏதோ வெளியேறாமல் தங்கிவிட்டது போல இருக்கிறது. நாம் வேண்டுமென்றே வைப்பது அல்லவா? அதனால் தாங்கு, அழுத்தம் இரண்டும் சேர்ந்து தாங்கழுத்தம். வினைத்தொகை. “தாங்கழுத்தம் 5-இல் இருக்கு” என்று பணி மாறும்போது சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

அப்புறம் இதோடு சேர்த்து இன்னொன்றையும் திருத்த வேண்டும். கருவியால் நுரையீரலுக்கு வரும் காயம் எல்லாவற்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் ‘அழுத்தக் காயம்’ என்றே போட்டிருக்கிறோம். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: “அழுத்தம்தானே காயம் பண்ணுது, அப்புறம் ஏன் சிஸ்டர் அஞ்சு வைக்கிறோம், குறைச்சிடலாமே?” அவள் மேல் தப்பில்லை, சொல் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. 1988-இலேயே ஆய்வாளர் திரேஃபுஸ் குழுவினர் எலிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள்: நெஞ்சைச் சுற்றிக் கட்டி விரியவிடாமல் செய்தால், அதே உயர்ந்த அழுத்தத்திலும் நுரையீரலில் நீர் கோக்கவில்லை. கெடுப்பது அளவுக்கு மீறிய விரிவு. அதனால்தான் ஒரு மூச்சுக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 4 முதல் 6 மி.லி. காற்று என்று கணக்கு வைக்கிறோம். அந்தப் பாட்டியின் பேத்திக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி காற்றுதான் ஆகும். இதற்கு ‘மிகைவிரிவுக் காயம்’ என்று தனிச்சொல் வைக்கலாம். ஒட்டி ஒட்டிப் பிரிவதால் வரும் காயம் வேறு, அதற்குத் தாங்கழுத்தம்தான் மருந்து, அதைப் போய் அழுத்தக் காயத்தில் சேர்த்தால் மாணவி கேட்டது போலத்தான் ஆகும்.

இந்த மூன்றாவது காயத்துக்கு ‘ஒட்டுக்காயம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பிரிவதும் அதில் வர வேண்டும் என்பதால் மனம் நிறையவில்லை. ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள்.