கடை முகப்பில் தடுப்புத் தூண்கள் நடுவது குறித்து ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். கோவையில் நாங்கள் நடத்தும் மருந்துக் கடையின் வாசலில், சென்ற வாரம் காரை நிறுத்த வந்த ஒருவர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டதால், வண்டி இரண்டு படிகளையும் ஏறிக் கண்ணாடிக் கதவை உடைத்து, முதியவர்கள் அமரும் பெஞ்சை மேசைவரை தள்ளிவிட்டது. நல்லவேளையாக அப்போது பெஞ்சில் யாரும் இல்லை.

ஆகவே போலார்டு எனப்படும் இரும்புத் தடுப்புத் தூண்களை எங்கள் பட்டா எல்லைக்குள்ளேயே நட விரும்புகிறோம். தூணின் அடித்தகட்டை, ஆங்கர் போல்ட்டால் (காங்கிரீட்டில் துளையிட்டுப் பொருத்தும் போல்ட்) தரையில் முடுக்கினால் போதும் என்கிறார் ஒப்பந்ததாரர். டைல்ஸின் கீழே மெல்லிய காங்கிரீட்டே இருப்பதால், கார் மோதினால் தூண் தரையோடு பெயர்ந்து வரும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 6 அங்குலக் குழாயை 3 அடி ஆழத்தில் புதைத்து, உள்ளேயும் காங்கிரீட் நிரப்பலாமென்றால், ஒன்றரை அடியிலேயே குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் குறுக்கிடுகின்றன.

இத்தகைய இடத்தில், தூண்களை ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைத்து, ஆழம் குறைந்த கம்பி கட்டிய காங்கிரீட் பலகையில் பதிக்கும் முறையை யாரேனும் செய்திருக்கிறீர்களா? சக்கர நாற்காலி நுழையத் தூண்களுக்கிடையே 1200 மில்லிமீட்டர் இடைவெளி விட எண்ணியுள்ளோம். இதற்கான வரைபடத்தைச் சரிபார்க்கக்கூடிய கட்டமைப்புப் பொறியாளரையும், செலவின் உத்தேச அளவையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.