முகாமுக்கு வந்த பிள்ளைகளையே குழுத்தலைவர்களாக்குவது எப்படி?

மலைப்பாதை கேட்கிறார்:
மே மாதம் கொல்லிமலையில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இயற்கை முகாம் நடத்துகிறோம். முன்பு முகாமுக்கு வந்தவர்களில் சிலர் இப்போது பத்தாம், பதினோராம் வகுப்பு முடித்திருக்கிறார்கள். அவர்களைக் குழுத்தலைவர்களாக்க விரும்புகிறோம். பறவை, மரம் எல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் சின்னப் பிள்ளைகளை அதட்டுகிறார்கள். இல்லையென்றால் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். தலைமைப் பண்பு பற்றி வகுப்பெடுக்க ஒரு பயிற்சியாளரை அழைக்கலாமா?

தாவரவியல் டீச்சர் (ஓய்வு):
தம்பி, அவருக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல டார்ச் லைட்டுகள் வாங்குங்கள். பள்ளியில் தேசியப் பசுமைப் படையைப் பல காலம் பார்த்துக்கொண்டவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

விசில் கொடுத்து முன்னால் நிறுத்தினால் அதட்டத்தான் செய்வார்கள். பள்ளியில் அவர்கள் கண்ட தலைமை அதுதானே! விசிலை வாங்கி வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நடக்கவிடுங்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது எல்லாரும் வீரர்கள். ஏறும்போதுதான் ஒருவனுக்கு மூச்சு வாங்கும், ஒருத்திக்குச் செருப்பு அறும், இன்னொருவன் குரங்குக்கு பிஸ்கட் நீட்டுவான். இதெல்லாம் கடைசியில் வருபவர் கண்ணில்தான் படும். அவர் "நில்லுங்கள்" என்றால் முன்னால் போவது நீங்களாக இருந்தாலும் நிற்க வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொடுக்க மனம் வராவிட்டால் இந்தத் திட்டமே வேண்டாம்.

ஒருவரிடம் ஐந்தாறு பிள்ளைகள் போதும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முகாமிலேயே சுமார் 20 சிறுவர்களை நான்கு அணிகளாக்கி, ஒவ்வோர் அணியையும் ஒரு மூத்த சிறுவனிடம் ஒப்படைத்தார். அணியை இடையில் மாற்றவும் வேண்டாம். யாருக்கு ஆஸ்துமா, யார் இரவில் வீட்டை நினைத்து அழுவான் என்பதெல்லாம் கூடவே இருந்தால்தான் தெரியவரும்.

இன்னொன்று. தெரிந்த பெயரை உடனே சொல்லிவிடுவது இவர்களுடைய வியாதி. சின்னப் பிள்ளை கை நீட்டுவதற்குள் "செம்மீசைச் சின்னான்" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளையும் பார்ப்பதை அத்துடன் நிறுத்திவிடும். கொண்டை இருந்ததா, வாலடியில் என்ன நிறம் என்று முதலில் கேட்கப் பழக்குங்கள். (பெரியவர்களுக்கும் இந்த வியாதி உண்டு. முகாமில் சில மாமாக்களைப் பார்த்திருக்கிறேன்.)

மலைப்பாதை:
நன்றி டீச்சர். பாம்பு வந்தால்? அதையும் அவர்களிடமே விடலாமா?

தாவரவியல் டீச்சர் (ஓய்வு):
கூடவே கூடாது. பாம்பு, தண்ணீர், மருந்து மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. பிள்ளைகளைப் பின்னுக்கு நகர்த்துவது, தலை எண்ணுவது, உங்களை அழைப்பது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. ஆனாலும் கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை நடித்துப் பழகட்டும்: இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனை. 108ஐ அழைக்க எங்கே சிக்னல் கிடைக்கிறது என்பதை முதல் நாளே அவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆம்புலன்ஸ் வர நேரமாகும். முகாமில் எந்நேரமும் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

நெய்தல்:
அண்ணா, டீச்சர் சொல்வது சரி. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஆமை நடை நடத்துகிறார்கள், அதாவது கடலாமை முட்டைகளைக் காக்க இரவில் கரையோரம் நடக்கிறார்கள். நானும் கல்லூரிக் காலத்தில் போனேன். பங்குனி ஆமை கரையேறும்போது டார்ச் அடிக்காமல் கூட்டத்தை உட்கார வைப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. யாரும் எனக்குத் தலைமை பற்றிப் பாடம் எடுக்கவில்லை. என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா ஒருவர் மெல்லிய குரலில் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டேன்.

தங்களுக்குள் கூடிப் பேசுகிறார்கள் என்கிறீர்கள். அவர்களுக்கும் பதினாறு வயதுதானே! சின்னவர்கள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று விடுங்கள். சுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பகலில் பேச்சு தானாகக் குறையும்.