புதுப்பிப்பு: மாடி பாத்ரூம் நாற்றத்துக்குக் காரணம் கிடைத்தது

தர்மபுரியில் எங்கள் வீட்டு மாடி பாத்ரூமில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது, பினாயில் ஊற்றியும் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

முக்கியக் காரணம், தரையிலுள்ள நானி ட்ராப் (தண்ணீர் போகும் துளைக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கிண்ணம்) காய்ந்து கிடந்ததுதான். அதில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் செப்டிக் டேங்க் வாயு மேலே வராது. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் மாடியை யாரும் புழங்கவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு வாளி ஊற்றியதுமே நாற்றம் பெருமளவு அடங்கியது.

மிச்சம் வாஷ்பேசினிலிருந்து. அடியிலிருக்கும் பாட்டில் ட்ராப்பின் (இதுவும் தண்ணீரைத் தேக்கி வாயுவைத் தடுப்பதுதான்) கிண்ணத்தைத் திருகிக் கழற்றியதும், முடியும் சோப்பும் சேர்ந்த கறுப்புக் கூழ் வழுவழுவென்று கையில் வந்தது. பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பேசின் தண்ணீர் வெளியேறும் ஹோஸ் தரைக் குழாயில் சும்மா செருகியிருந்தது. அந்த இடைவெளியைப் பிளம்பர் ரப்பர் வளையம் போட்டு அடைத்தார். வென்ட் பைப்பையும் (வாயு மேலே வெளியேறும் குழாய்) பார்க்கச் சொன்னீர்கள், அதில் அடைப்பில்லை.

ஆசிட் ஊற்றச் சொன்னவர்களுக்கு: தயவுசெய்து அதைப் பிளீச்சிங் பவுடருடன் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது ட்ராப் தண்ணீர் மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.