தோட்டத்தில் வோட்டைத் தீர்மானிப்பது சம்பளமா, சாமான் விலையா?

பனிமலை டீச்சர் கேட்டது:

நான் ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு மஸ்கெலியாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். போன வாரம் வகுப்பில், பொருளாதாரம் விழுந்தால் ஆளுங்கட்சியும் விழும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். 2022ஐ உதாரணமாகச் சொன்னேன். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது, ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டே போனார். ஒரு பிள்ளை எழுந்து, "அப்போ நம்ம மாவட்டம் ஏன் டீச்சர் ரெண்டே மாசத்துல மாறிச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவள் கேட்டது நியாயம். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலாவது, அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் இரண்டாவது, நாடளவில் வென்ற அநுர மூன்றாவது. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அதே மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனது. இடையில் எங்கள் கைக்கு வந்தது 1350 ரூபாய் நாட்சம்பளம். அதற்கான வர்த்தமானி ரணில் ஆட்சியில்தான் வந்தது. அந்த மே தினத்தில் கொட்டகலையில் 1700 என்று சொன்னார்கள், கம்பனிகள் நீதிமன்றம் போய், கடைசியில் 1350இல் நின்றது. இருந்தாலும் சம்பளம் கூடியது உண்மை. கூட்டிய பக்கம் வோட்டு போகவில்லையே, ஏன்?

எங்கள் லயத்தில் 2022 எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே காலை ரொட்டி, மத்தியானமும் ரொட்டி. கோதுமை மா கிலோ 400 ரூபாய் வரை போனபோது, 1000 ரூபாய்ப் பேர் (ஒரு நாள் சம்பளம்) ஒன்றுக்கு இரண்டரைக் கிலோ மா. அன்றைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்துக் கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர்தான். பசளை இல்லாமல் செடியில் கொழுந்தும் இல்லை. அம்மா ரொட்டியை இரண்டாகக் கிழித்துப் பாதியைத் துணியில் முடிந்துகொண்டு மலைக்குப் போவார். அந்தக் கோபம் செப்டம்பரில் எங்கே இருந்தது? அதுதான் என் கேள்வி.

பொகவந்தலாவை பழைய தலைவர்:

மகள், நான் 22 வருஷம் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தவன். 1948இல் பிரஜாவுரிமை போய், அதோடு வோட்டும் போன சனம் நாம். 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாவில் சங்கத் தலைவர் தொண்டமான் ஐயா பாராளுமன்றம் போனதை என் அப்பா அழுதுகொண்டே சொல்வார். அந்த வோட்டில் மா விலை இல்லை, நன்றி இருந்தது. பிறகு சம்பளம், வீடு, தோட்டத்து துரையிடம் நியாயம் கேட்பது எல்லாமே சங்கம் வழியாக நடந்தது. சந்தா எங்கே போகிறதோ வோட்டும் அங்கேயே போனது. சங்கம் சொன்ன ஆளுக்குப் போட்டோம்.

அது தளர்ந்தது 1000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கையில்தான் என்று நினைக்கிறேன். 2015இல் கேட்டோம். 2016 ஒப்பந்தத்தில் 730, 2019இல் அடிப்படைச் சம்பளம் 700. 1000 வந்தது 2021 மார்ச்சில், அதுவும் சம்பள நிர்ணய சபை மூலம். ஆறு வருஷம் ஒவ்வொரு மேடையிலும் அதே நம்பர். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் பொம்பளைகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள், "தலைவரே, எப்ப?" என்று. எனக்குச் சொல்லப் பதில் இல்லை. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

கந்தப்பளை மரக்கறி:

டீச்சர், இரண்டு விஷயம். முதலாவது, நுவரெலியா மாவட்டம் தோட்டம் மட்டும் இல்லை. வலப்பனை, ஹங்குராங்கெத்த சிங்களக் கிராமங்களின் வோட்டும் அந்த 5இல் இருக்கிறது. முழுவதையும் லயத்துக் கணக்கில் போடாதீர்கள்.

இரண்டாவது, இப்படி மாறுவது புதிதும் இல்லை. 2019 நவம்பரில் சஜித் வென்ற மாவட்டம், 2020 ஆகஸ்டில், ஜனாதிபதியாகிவிட்ட கோட்டாபயவின் பொதுஜன பெரமுனவுக்கு 5 ஆசனம் கொடுத்தது. அப்போது கேஸ் வரிசையும் இல்லை, எண்ணெய் வரிசையும் இல்லை. அந்தப் பக்கம் இருந்த சங்கத் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் அந்த மேயில் இறந்த துக்கம் ஒரு காரணம். ஆனால் ஜனாதிபதி யார் என்று தெரிந்த பிறகு வரும் பொதுத் தேர்தலில் அந்தப் பக்கம் சாய்வதும் நம்மிடம் உண்டு. ரோடு, வீடு, கரண்ட் எல்லாம் அரசாங்கப் பக்கம் இருந்தால்தான் வரும் என்ற எண்ணம். அதுவும் வயிற்றுக் கணக்குதானே?

நான் கரட், லீக்ஸ் போடுகிறேன். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது பாதி நிலத்தைச் சும்மா விட்டேன். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. இரண்டு தேர்தலிலும் ஒரே பக்கம்தான் போட்டேன்.

வெள்ளவத்தையில் இருந்து:

நான் பதுளை, கடையில் வேலை. 2024 பொதுத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் 9 ஆசனங்களில் 6 தேசிய மக்கள் சக்திக்கு. அந்தத் தேர்தலுக்கு என் செட்டில் நாலு பேர் ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போனோம். வீட்டில் யாருக்குப் போடுவது என்று பேசினோம். முன்பெல்லாம் அந்தப் பேச்சே கிடையாது. தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

பனிமலை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. கந்தப்பளை அண்ணே, கிராமங்களை நான் மறந்தது பிழைதான், வகுப்பில் திருத்திச் சொல்கிறேன். பழைய தலைவர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி என்ற இடத்தில் தலையாட்டினார்.

அப்புறம் நேரடியாகவே கேட்டேன். செப்டம்பரில் தலைவர் சொன்னபடி போட்டாராம். நவம்பரில் தம்பி கொழும்பு ஹோட்டலில் லீவு கேட்டு வந்திருந்தான். 2022இல் எங்கள் வீட்டுக்கு மாவும் பருப்பும் வாங்கியது அவன் அனுப்பிய காசில்தான். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷம் சங்கம் சொன்னத கேட்டேன். பட்டினி கெடந்தப்ப காசு அனுப்புனவன் சொல்றதயும் ஒருவாட்டி கேப்போமேன்னு போட்டேன். அடுத்த வாட்டி நானா யோசிப்பேன்."